சிறை ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பசியாயிருந்தவனுக்குப் போஜனமும் வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரமும் கொடுக்கப்படுகின்றன. காவலிலிருந்தவனைப் பற்றி மட்டும் "என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்று சொல்லி வசனம் முடிந்துவிடுகிறது. பிரசங்கம் பண்ணியதாகவோ ஜாமீன் வாங்கிக் கொடுத்ததாகவோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. சிறை ஊழியத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, பார்க்கப் போனவர் என்ற அந்த எளிய இடம் போதாமல், வக்கீலாகவும் நீதிபதியாகவும் இரட்சகராகவும் நாமே ஆகிவிட முயலும்போது நேர்கிறவை என்பது என் எண்ணம்.

முதல் சந்திப்பிலேயே "என்ன கேஸில் வந்தீர்கள்?" என்று கேட்பது மிகவும் பரவலான தவறு. காவலரும் வக்கீலும் நீதிமன்றமும் அவரிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி அது; ஜெபிக்க வந்தவரும் அதையே கேட்டால், அவர் பதில் சொல்லிவிட்டு மனதளவில் எழுந்து போய்விடுவார். பெயரைக் கேட்கலாம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தும் இருக்கலாம். விசாரணைக் கைதியிடம் வழக்கைப் பற்றிப் பேசுவது இன்னும் ஆபத்தானது. தேவனிடம் பாவத்தை அறிக்கையிடுங்கள் என்று சொல்வது வேறு, நடந்ததை நம்மிடம் விவரிக்கச் சொல்வது வேறு. குருவானவரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சில நாடுகளின் சட்டம் தரும் பாதுகாப்பு, பாட்டுப் புத்தகத்தோடு கூடப் போகும் தன்னார்வலருக்குக் கிடையாது என்றே எண்ணி நடந்துகொள்வது நல்லது. "நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்ற வாக்கையும் கொடுக்கக் கூடாது. தன் உயிரை மாய்த்துக்கொள்ளவோ இன்னொருவரைத் தாக்கவோ நினைப்பதாக ஒருவர் சொன்னால் அதை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதால், அந்த எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கூட்டம் முடிந்து, நாற்காலிகள் நகரும் சத்தத்துக்கு நடுவில், திருப்பிக் கொடுக்கும் வேதாகமத்துக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று வரும். "அம்மாவுக்குத்தான், தபாலில் போட்டுவிடுங்கள் ஐயா." அது உண்மையிலேயே அம்மாவுக்கு எழுதிய கடிதமாக இருக்கலாம், ஒரு சாட்சியை மிரட்டும் செய்தியாகவும் இருக்கலாம். எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இன்று கடிதத்தை வாங்கியவரிடம் அடுத்த மாதம் ஒரு தொலைபேசி எண்ணும், அதற்கடுத்து ஒரு சிறு பொட்டலமும் கேட்கப்படும். மறுத்தால் முதல் கடிதமே அவரைப் பிடித்துவைக்கும் கயிறாகிவிடும். அகப்பட்டால் அவர் ஒருவரோடு முடியாமல், குழு முழுவதற்கும் அனுமதி ரத்தாகும், வாரந்தோறும் காத்திருந்த மற்றக் கைதிகளும் இழப்பார்கள். "ஐயா, இதை நீங்களே அலுவலகம் வழியாக அனுப்புங்கள்" என்று அந்தத் தாளை அதே கையில் திருப்பிக் கொடுப்பது அன்பில்லாத செயல் ஆகாது.

"விசுவாசித்து ஜெபியுங்கள், கதவு திறக்கும்" என்று விடுதலையை வாக்களிப்பது இதைவிடக் கொடுமையான தவறு. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் தேவதூதன் பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். பிரசங்கத்தில் பேதுருவை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், தண்டனை உறுதியான நாளில் அந்த மனிதர் தன் விசுவாசம் போதவில்லை என்று இரண்டாவது தண்டனை ஒன்றையும் தனக்கே விதித்துக்கொள்வார். சிறிய வாக்குகளும் இப்படித்தான். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவது நமக்கு ஒரு மறதி. நாட்களை எண்ணுவதே வேலையாக உள்ளவருக்கு அது அப்படி இராது.

ஒப்புக்கொடுக்கிறவர்கள் கைகளை உயர்த்துங்கள் என்று கேட்டு, உயர்ந்த கைகளை எண்ணி அறிக்கை எழுதும் பழக்கமும் விடப்பட வேண்டியது. எழுந்து போக முடியாத இடத்தில், சோப்பும் பிஸ்கட்டும் அடுக்கிய மேசைக்கு முன்னால் உயரும் கைக்கு என்ன பொருள் என்று யாருக்குத் தெரியும்? ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற, மண்டேலா விதிகள் எனப்படும், கைதிகளை நடத்தும் முறை பற்றிய நெறிமுறைகளில் 65-ஆம் விதி, சமயப் பிரதிநிதியைச் சந்திக்கும் வாய்ப்பை எந்தக் கைதிக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. சந்திக்க விரும்பாத கைதியின் மனநிலையை முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாம் பாதியை நம்மவர்கள் அதிகம் வாசிப்பதில்லை. லண்டன் நியூகேட் சிறையில் 1813-இல் முதன்முறையாக நுழைந்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி எலிசபெத் ஃப்ரை, 1817-இல் அங்கே பெண் கைதிகளுக்கான ஒழுங்குகளை வகுத்தபோது, ஒவ்வொன்றையும் அவர்கள் முன் வாசித்து கையை உயர்த்தி ஒப்புதல் தெரிவிக்கும்படி அவர்களைக் கேட்டார். கைகளை உயர்த்தச் சொல்வதற்கு அப்படியும் ஒரு முறை உண்டு.

வெளியே வந்து சபையில் சாட்சி சொல்லும்போது இன்னொரு தவறு நடக்கிறது. கொலை செய்தவர் இப்படி மனந்திரும்பினார் என்று ஊரும் வழக்கும் அடையாளம் தெரியுமளவுக்குச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கொல்லப்பட்டவரின் உறவினரும் இருக்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. தேவன் மன்னித்துவிட்டார் என்பதால் பாதிக்கப்பட்ட குடும்பமும் மன்னித்தாக வேண்டும் என்று கைதியின் சார்பில் அவர்களைத் தேடிப் போவது ஊழியம் ஆகாது. அவர்களாகக் கேட்டால், அதற்கான பயிற்சி பெற்றவர்கள் வழியாக மட்டுமே அது நடக்க வேண்டும். வரி வசூலிக்கும் ஆயக்காரனாகிய சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். நஷ்டப்பட்டவர்கள் அவனுடைய சாட்சிக்குள்ளேயே இருந்தார்கள்.

காவலர்களை எதிரிகளாகப் பாவிப்பதும் தவறுதான். பிலிப்பி பட்டணத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவன், பவுலையும் சீலாவையும் காவலில் வைத்திருந்த சிறைச்சாலைக்காரன்.

விடுதலைக்குப் பின் என்ன என்பதைப் பெரும்பாலான குழுக்கள் யோசித்து வைப்பதில்லை. உள்ளே "எங்கள் சபைக்கு வாருங்கள்" என்று சொன்னவர்கள், அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே வந்து நின்றால் தடுமாறுகிறார்கள். உணர்ச்சிவசப்பட்டு ஒருவர் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொள்வதும், தன் பணத்தைக் கைமாற்றாகக் கொடுப்பதும் இருவருக்கும் கேடாக முடியலாம். குழந்தைகள் இருக்கும் சபையில் எவரெவருக்கு என்ன கட்டுப்பாடு என்பதைப் போதகரும் மூப்பர்களும் முன்கூட்டியே பேசி, வருகிறவரிடமும் நேரில் சொல்லிவிட வேண்டும். பிலேமோனின் அடிமையாகிய ஒநேசிமுவைப் பவுல் அவனுடைய எஜமானிடம் திருப்பி அனுப்பியபோது அவனை வெறுங்கையாக அனுப்பவில்லை. அவன் பட்ட கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பிலேமோனுக்கு ஒரு நிருபமே எழுதினார். விடுதலைத் தேதி தெரிந்த நாளிலேயே, அன்று காலை வாசலில் யார் நிற்பது, அவர் அன்றிரவு எங்கே தூங்குவது, அடையாளச் சான்று வாங்க அவரோடு யார் போவது என்ற மூன்றுக்கும் குழுவில் ஆளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.