தில்லியில் உயர்கல்வி: உதவித்தொகை போதாதபோது கட்டணத்துக்கு என்ன வழி?

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் படிக்க வரும் மாணவர்களில் பலர், உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கையோடு ரயில் ஏறுகிறார்கள். உதவித்தொகை வரும்; ஆனால் கட்டணம் கட்ட வேண்டிய தேதிக்குள் வருவது அரிது, வந்தாலும் தேவையில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். பிளஸ் டூ தேர்வில் தம் கல்வி வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் மதிப்பெண் பெற்று, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் உதவித்தொகை, இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் பி.ஏ. அல்லது பி.காம். படிப்புக்கான ஓராண்டுக் கட்டணத்தைவிட, பல்கலைக்கழக வளாகங்களை ஒட்டிய கம்லா நகரிலோ சத்திய நிகேதனிலோ இரண்டு மூன்று மாதம் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியில் தங்கும் செலவு அதிகம். ஆகவே பற்றாக்குறையைக் கணக்கிடும்போது கல்லூரி ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது. வாடகை, முன்பணம், சாப்பாடு, குளிர்காலத்துக்கான ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை, ஸ்வெட்டர் வரை எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

இந்தப் பற்றாக்குறைக்குப் பணம் தேடும் வரிசை முக்கியம். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணத்தை முழுவதும் கேட்டுப் பார்த்த பிறகே, மீதிக்கு வங்கியை அணுக வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

முதலில் சொந்த மாநிலம். தில்லிக்கு வந்துவிட்டதால் தமிழ்நாடு அரசின் உதவி இனிக் கிடைக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லாத் திட்டங்களுக்கும் அது பொருந்தாது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புகளைச் சேர்ந்த தமிழ்நாட்டு மாணவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.எம்., மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்ற மத்திய நிறுவனங்களில் பட்டப்படிப்போ முதுநிலைப் படிப்போ படித்தால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத நிலையில், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை வழங்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.), ஜாமியா மில்லியா மூன்றுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் இங்கு படிப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பட்டியலின மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்குரிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையும், மாணவர் எந்த மாநிலத்தில் படிக்கிறார் என்பதை வைத்தல்ல, எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதை வைத்தே அந்த மாநிலம் வழங்குகிறது. அதன் மத்திய அரசு விதியிலும் வருமான வரம்பு 2.5 லட்சம்தான். இந்த வரம்புகளும் தொகைகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய வருமானச் சான்றிதழைப் புறப்படும் முன்பே ஊரிலுள்ள இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிட வேண்டும். சாதிச் சான்றிதழில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் நிரந்தரமாக வழங்கப்படும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில உதவிக்குச் செல்லும். மத்திய நிறுவனத்தில் ஓ.பி.சி. இடத்தில் சேர்வதற்கோ அது போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று வட்டாட்சியர் அளிக்கும் தனிச் சான்றிதழ் அதற்கு வேண்டும், அதுவும் அந்தந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இரண்டையும் கையில் வைத்திருங்கள். செப்டம்பர் மாதத்தில் அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடுவது நல்லதல்ல.

அடுத்து, சேர்ந்த நிறுவனம். தில்லிப் பல்கலைக்கழகத் துறைகளில் நேரடியாகப் படிப்பவர்களுக்கு மாணவர் நலப் புலத் தலைவர் அலுவலகம் வழியாக நிதி ஆதரவுத் திட்டம் உள்ளது. ஆண்டு வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்தால் முழுக் கட்டணமும், 4 முதல் 8 லட்சம் வரை இருந்தால் பாதியும் விலக்களிக்கப்படுகிறது. ஐ.ஐ.டி.களில் பி.டெக். படிப்பவர்களில் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும், ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடியாகும். பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமலே முழுத் தள்ளுபடி. ஆனால் விடுதிக் கட்டணமும் மெஸ் கட்டணமும் தனி. கல்லூரிகளில் படிப்பவர்கள் ஸ்டூடண்ட் எய்ட் ஃபண்ட், அதாவது மாணவர் உதவி நிதி என்று கேட்க வேண்டும். அதன் அறிவிப்பு பெரும்பாலும் சேர்க்கை முடிந்த பிறகு, கல்லூரி இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் வரும்; அதைத் தேடிப் பார்ப்பது மாணவரின் பொறுப்பு.

எந்தத் திட்டமும் பொருந்தாத நிலையில் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். அதில் குடும்பக் கஷ்டத்தை விரிவாக எழுதுவதைவிடத் தொகையைத் துல்லியமாக எழுதுவதே பயன் தரும். இந்தப் பருவக் கட்டணம் இவ்வளவு, இன்று கட்ட முடிந்தது இவ்வளவு, மீதியை இன்ன தேதிகளில் இரண்டு தவணைகளாகக் கட்டுகிறேன், உதவித்தொகை விண்ணப்ப எண் இது என்று ஆங்கிலத்தில் அரைப்பக்கம் போதும். வருமானச் சான்றிதழின் நகலை இணைத்து, கடிதத்தின் நகல் ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பாக்கியைக் காட்டித் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்தினால், அந்த முத்திரையிட்ட நகல்தான் பேசும்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்தவர்கள், கல்லூரியின் பொறுப்பு அலுவலர் விண்ணப்பத்தைச் சரிபார்த்துவிட்டாரா என்பதைக் கடைசித் தேதிக்கு முன்பே நேரில் சென்று கேட்க வேண்டும். அங்கு தேங்கிய விண்ணப்பம் மேலே நகராது. இன்னொன்று, பணம் எந்தக் கணக்கில் விழும் என்பது. நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கில்தான் விழும் என்பதில்லை. ஆதாரோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக எந்த வங்கிக் கணக்கு கடைசியாக இணைக்கப்பட்டிருக்கிறதோ அதில்தான் விழும். வளாகக் கிளையில் புதுக் கணக்குத் தொடங்கி அதற்கு ஆதார் இணைப்பும் கொடுத்துவிட்டு, ஊரிலுள்ள பழைய பாஸ்புக்கில் பணம் வரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஆதார் இணையதளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் (எந்த வங்கி இணைக்கப்பட்டுள்ளது என்ற நிலவரம்) பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். இவை எதற்கும் கட்டணம் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரிடம் ஓ.டி.பி. சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் குறைந்தால் கல்விக் கடன். பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம் போட வேண்டும், கிடைத்த உதவித்தொகையையும் அந்தப் பங்கில் கணக்குக் காட்டலாம். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. உள்நாட்டுப் படிப்புக்கான கடனுக்குச் செயலாக்கக் கட்டணமும் இல்லை. விடுதிச் செலவு, புத்தகம், தேவைப்பட்டால் கணினி எல்லாம் கடனில் சேரும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இன்னும் சாதகமானது: தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களும் மத்திய அரசு நிறுவனங்களும் அடங்கிய பட்டியலில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்குப் பிணையமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், படிப்புக் காலமும் அதையடுத்துத் தவணை கட்டத் தேவையில்லாத விலக்குக் காலமும் முடியும்வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. வேறு அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு இந்த மானியம் கிடையாது என்பதால், எது லாபம் என்று கணக்குப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தில்லிக் கிளையில் விண்ணப்பித்தால், பெற்றோர் வசிக்கும் ஊரின் கிளைக்குப் போகச் சொல்வது வழக்கம். கோபப்படுவதில் பயனில்லை, பெற்றோரும் கூட்டுக் கடனாளி என்பதால் அவர்கள் கையெழுத்து எப்படியும் வேண்டும். இடம் உறுதியானவுடன், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுவதுதான் வசதி.

படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 10 சதவீதத் தனிவட்டியில் வாங்கினால், ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1.4 லட்சம், தவணை 5.4 லட்சத்துக்குப் போடப்படும். படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்தச் சுமை ஏறாது, பல வங்கிகள் ஒரு சதவீதம் வரை வட்டியும் குறைக்கின்றன. தனியார் நிதி நிறுவனங்கள் விரைவாகக் கொடுப்பது உண்மைதான். வட்டியும் அதற்கேற்ப இருக்கும் என்பதால் அவற்றைக் கடைசியில் வையுங்கள். செல்பேசிச் செயலிக் கடனைக் கட்டணத்துக்காக வாங்கவே வேண்டாம்.

சிறு இடைவெளியைப் பகுதிநேர வேலை நிரப்பும். தில்லிப் பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்கு அங்கேயே ஊக்கத்தொகையோடு பணி தரும் துணைவேந்தர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறது. ராமகிருஷ்ணாபுரம், ஜனக்புரி, மோதிபாக் பகுதிகளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருப்பதால், கணக்கும் தமிழும் சொல்லித் தருபவர்களைத் தேடும் தமிழ்க் குடும்பங்கள் அங்கு எப்போதும் உண்டு.

பணிமாற்றத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு வந்த பெற்றோருக்கு ஒரு செய்தி. தில்லி அரசின் இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகம், தில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் 85 சதவீத இடங்கள் தில்லிப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குரியவை. தில்லி அரசு உத்தரவாதமளிக்கும் கல்விக் கடனும் இங்கு பள்ளி முடித்தவர்களுக்கே. கடைசி இரண்டு ஆண்டுகளுக்குப் பிள்ளையை ஊருக்கு அனுப்பத் திட்டமிடுபவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.