ரெண்டு பேரையும் மியூட் செய்துவிட்டால் நடுநிலை ஆகிவிடுமா?

பலர் சேர்ந்து ஆன்லைனில் விளையாடும் ஒரு சின்ன மைன்கிராஃப்ட் சர்வரில் நாலு வருஷமாக மாடரேட்டராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. விளையாடுகிறவர்களிலேயே கொஞ்சம் பொறுப்பான ஆள் என்று யாரோ நினைத்துத் தலையில் கட்டிய வேலை. சாட்டில் ஒருவர் அசிங்கமாகப் பேசினால் புகார் எனக்கோ மற்ற மூன்று பேருக்கோ வரும். மியூட்டா (கொஞ்ச நாள் பேசவிடாமல் செய்வது), வார்னிங்கா, பேனா (சர்வருக்குள்ளேயே விடாமல் தடுப்பது) என்று முடிவெடுக்க வேண்டும். இதில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதியை நானும் செய்திருக்கிறேன். வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்கிற மாடரேட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. கண் முன்னால் என்ன வந்து விழுகிறதோ அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம், சிக்கல் அங்கேதான்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். ஒரு ராத்திரி ஒரு பையன் மேல் புகார் வந்தது. படத்தில் அவன் எழுதிய ஒரே வரி: 'போய்ச் சாவுடா, நீயெல்லாம் எதுக்கு விளையாட வர்ற.' யோசிக்க என்ன இருக்கிறது, மூன்று நாள் மியூட் போட்டேன். மறுநாள் அவன் அப்பீல் செய்த பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் இன்னொரு வரியின் அடிப்பாதி ஒட்டிக்கொண்டிருந்தது, எழுத்துகளின் கால்கள் மட்டும். சாட் முழுவதும் பதிவாகியிருக்கும் சர்வர் லாகைத் திறந்தால், அதற்கு முன் பதினோரு நிமிடமாகப் புகார் கொடுத்தவரேதான் பேசியிருக்கிறார். அந்தப் பையனுக்கு வாய்ஸ் சாட்டில் திக்கும். அதை எழுத்தில் நடித்துக் காட்டியிருந்தார்: 'வா வா வா வா வாங்க.' படத்தை எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டை எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரிந்துகொள்ள மட்டுமே பார்க்கிறோம். லாகில் முன்னால் பதினைந்து நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் படித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அந்த கேஸில் நான் செய்த அடுத்த தவறு இன்னும் மோசம். உண்மை தெரிந்ததும் 'சரி, ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு' என்று புகார் கொடுத்தவரையும் மூன்று நாள் மியூட் செய்தேன். நம் ஊர்ப் பஞ்சாயத்துப் புத்தி அது. ஆளுக்குக் கொஞ்சம் திட்டிவிட்டால் நடுவர் நல்லவர் ஆகிவிடுவார். ஆனால் பதினோரு நிமிடம் சீண்டியவருக்கும், பொறுத்துப் பார்த்து ஒரு வரி வெடித்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால், அந்தத் தண்டனை சீண்டியவருக்கு லாபம். அடுத்த முறையும் அவர் அதையேதான் செய்வார், மூன்று நாள் அவருக்கு ஒரு செலவே இல்லை. நடந்தது எதுவோ அதற்கேற்ற அளவு என்று போனால் பல நேரம் தண்டனை ஒரு பக்கமாகத்தான் சாயும். சாயட்டும்.

அப்புறம் பெயர். பேசியது யார் என்று தெரிந்தாலே தீர்ப்பு சாய்ந்துவிடும். இதில் பெரிய கேம்களிடம் படிக்க நிறைய இருக்கிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2011-இல் 'டிரிப்யூனல்' என்று ஒன்றைத் தொடங்கியது, இப்போது அது இல்லை. புகார் வந்தவரின் சாட் லாகை மற்ற வீரர்களே படித்து, தண்டிக்கலாமா விட்டுவிடலாமா என்று ஓட்டுப் போடுவார்கள். லாகில் பேசியவரின் சொந்தப் பெயர் வராது, அவர் விளையாடிய கதாபாத்திரத்தின் பெயர்தான் வரும். கவுண்டர் ஸ்டிரைக் 2013-இல் கொண்டுவந்த 'ஓவர்வாட்ச்' முக்கியமாக ஏமாற்று வேலையைப் பிடிப்பதற்கானது. அதிலும் ஆளின் பெயரை மறைத்துவிட்டு ரீப்ளேயைத்தான், அதாவது ஆட்டத்தின் பதிவைத்தான், காட்டினார்கள். சாட்டும் வாய்ஸும் கிடையாது. தப்பு தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லலாம், இல்லையென்றால் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லலாம். 'எனக்கென்னவோ இவன்தான்னு தோணுது' என்று ஒரு பட்டன் அங்கே இல்லை.

எங்கள் சர்வரில் அதற்கான மென்பொருள் எதுவும் இல்லை. ஒருவர் லாகை நகலெடுத்து, பெயர்களை அ, ஆ, இ என்று மாற்றி இன்னொருவருக்கு அனுப்புவார். பத்து நிமிட வேலை. கிளான் பெயரையும், அதாவது அவர்கள் விளையாடும் அணியின் பெயரையும், சேர்த்து அழிக்க வேண்டும், அதை மறந்துவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒருவர் மேல் முன்பு வந்த புகார்களின் பதிவுகளை முதலில் திறப்பதும் இதே வகைதான். 'இவன் எப்பவுமே இப்படித்தான்' என்று தொடங்கினால் புதிய வரியைப் படிக்கவே மாட்டோம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் குழு கணக்குப் பார்த்தபோது, எப்போதும் மோசமாக நடப்பவர்களால் வந்த தொல்லை சுமார் 13 சதவீதம்தான். மீதி 87 சதவீதம், மற்ற நாட்களில் ஒழுங்காக இருப்பவர்களிடமிருந்து வந்தது. அதாவது நாம் சந்தேகப்படாத ஆட்கள்தான் அதிகம். தப்பு நடந்ததா என்று முதலில் முடிவு செய்யுங்கள். எத்தனையாவது முறை என்பது எத்தனை நாள் என்று கணக்குப் போடும்போது போதும்.

டிரிப்யூனலில் இன்னொரு பாடமும் உண்டு. ஆரம்பத்தில், பெரும்பான்மையோடு ஒத்துப்போன ஓட்டுக்கு விளையாட்டுப் புள்ளிகள் பரிசாகக் கிடைத்தன. ஓட்டுப் போடுகிறவர் என்ன செய்வார்? லாகைப் படிப்பதைவிட மற்றவர்கள் எதை அழுத்துவார்கள் என்று ஊகிப்பார். பரிசைப் பிறகு எடுத்துவிட்டார்கள். நம்மிடம் புள்ளிகள் இல்லையே என்று நினைக்க வேண்டாம். டிஸ்கார்டு என்ற சாட் செயலியில் இருக்கும் மாடரேட்டர் சேனலில் சீனியர் ஒருவர் முதலில் 'பேன்' என்று போட்டால், அடுத்த மூன்று பேரும் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் சேனலில் பேசுகிறோம்.

தமிழ் சாட் என்றால் மொழி ஒரு தனிப் பிரச்சினை. நண்பர்களுக்குள் 'டேய் லூசு' என்பது வணக்கம் மாதிரி. அதே வரி முன்பின் தெரியாதவரிடம் போனால் அவமரியாதை. சொல்லை வைத்து முடிவெடுப்பவர் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பார். ஆனால் நான் அதிகம் பயப்படுவது கெட்ட வார்த்தையே இல்லாத வரிகளுக்கு. ஒரு முறை ஒருவர் இன்னொருவரிடம் 'நீங்க ஊருக்குள்ளயா, காலனியா?' என்று கேட்டிருந்தார். நான்கு மாடரேட்டர்களில் மூன்று பேருக்கு அதில் எதுவுமே தெரியவில்லை. வீட்டு முகவரி கேட்கிறார், அதற்கென்ன என்றார்கள். நான்காமவர் மட்டும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு, இந்தக் கேள்வியைத் தன்னிடம் எத்தனை பேர், எந்தெந்த இடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். சாதியை நேரடியாகக் கேட்க முடியாதபோது கேட்கிற கேள்வி அது. எங்கள் மூவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் நாங்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தப் புகார் குப்பைக்குப் போயிருக்கும். எல்லோரும் ஒரே மாதிரி இடத்திலிருந்து வந்த மாடரேட்டர் குழு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பாதி கண்ணோடுதான் பார்க்கும். பெண்கள் யாரும் இல்லாத குழுவும் அப்படித்தான்.

நண்பன் மேல் புகார் வந்தால் விலகிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் சலுகை காட்டுவது மட்டும் ஆபத்து இல்லை. 'பாரு, என் ஃபிரண்டுக்கே பேன் போட்டேன்' என்று காட்டுவதற்காக இரண்டு மடங்கு தண்டிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் நட்பை வைத்து எடுத்த முடிவுதான். நீங்கள் விளையாடிய மேட்சில் நடந்ததை நீங்களே விசாரிக்க வேண்டாம், தோற்ற மேட்ச் என்றால் லாகைத் தொடவே வேண்டாம். சர்வருக்குப் பணம் கொடுப்பவர், நன்றாக விளையாடுபவர் என்ற கணக்கெல்லாம் கூடாது, இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக அப்பீல். மியூட் போட்டவரே அப்பீலையும் பார்த்தால் அவர் தன் முதல் முடிவுக்கு வக்கீல் ஆகிவிடுவார். ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமில் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளிக் கிரீடம் வைத்த வீரர் மாடரேட்டர்கள் தற்காலிகமாகத்தான் மியூட் செய்ய முடியும். அதற்கு மேல் கம்பெனி ஊழியர்கள் பார்ப்பார்கள். சின்ன சர்வரில் அதற்கு ஆள் இல்லைதான். நாங்கள் அப்பீலை வேறொருவருக்கு அனுப்புகிறோம், முதல் ஆள் எழுதிய காரணத்தைக் காட்டாமல் லாகை மட்டும் கொடுத்து. திக்குகிற பையனின் அப்பீல் என்னிடமே வந்தது, அப்போது இந்த விதி இல்லை. அவன் மூன்று நாளும் முழுசாக மியூட்டில் இருந்தான்.