டேக் ஆஃபில் துள்ளிய மூக்கு: காரணம் ட்ரிம்

நான்கு நாள் இதிலேயே போனது, இப்போது நிம்மதி. சிறிய ஜெட். மூக்கைத் தூக்கத் தொடங்க வேண்டிய வி-ஆர் வேகத்தில் யோக்கை (கட்டுப்பாட்டுப் பிடியை) இழுத்ததும் மூக்கு வெடுக்கென்று 15 பாகையைத் தாண்டும். மெதுவாக இழுத்துப் பார்த்தேன், ஓடுபாதைதான் கூடுதலாகச் செலவானது. இருக்கையை முன்னே நகர்த்தியும் பயனில்லை.

பின்பக்கச் சாமான் அறை நிறைந்த நாளில் மட்டுமே இப்படி. வி-ஆருக்கு முன்பே மூக்குச் சக்கரம் இலேசாகி, ஓடுபாதை மூட்டுகளில் தட்டும் சத்தம் குறையும். எடை மையம் பின்னால் போயிருக்க, மூக்கு ஏறும் இறங்கும் போக்கை முன்கூட்டியே அமைக்கும் ட்ரிம்மை, வழக்கம்போல் அதன் அளவுகோலில் டேக் ஆஃபுக்கான பச்சைப் பட்டையின் நடுவில் வைத்திருந்தேன். பச்சைக்குள் இருந்தால் எச்சரிக்கை ஒலிக்காது, அவ்வளவுதான்; அன்றைய எடைக்கு அது சரி என்று பொருளில்லை.

எடை மையத்தைக் கணக்கிட்டு, கையேட்டு அட்டவணைப்படி ட்ரிம்மை மூக்கு இறங்கும் பக்கம் நகர்த்தினேன். வினாடிக்கு 3 பாகை வீதம் இழுத்தேன். 10 பாகையில் மூக்கு அசையாமல் நின்றது.