கிளிப்பர் கப்பல்களின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பாய்மரக் கப்பலின் படம் ஒன்றைக் கண்டவுடன் அதன் கீழே ‘கிளிப்பர்’ என்று எழுதிவிடும் பழக்கத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும். கிளிப்பர் என்பது ஏறத்தாழ 1840-களிலிருந்து 1870-கள் வரை ஓங்கியிருந்த ஒரு தனி வகைக்கு உரிய பெயர். கூர்மையாக நீரை வெட்டும் அணியமும் (கப்பலின் முன்முனை) நீளத்துக்கு ஒப்பிட்டால் ஒடுங்கிய உடலும் அதன் அடையாளங்கள். சரக்கறையின் கொள்ளளவை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்ட கப்பல் அது. ஹாம்பர்க் நகரின் லைஸ் நிறுவனத்துக்காக 1902-இல் கட்டப்பட்ட ‘பிராய்சன்’ ஐந்து பாய்மரங்கள் கொண்ட எஃகுக் கப்பல்; சிலி நாட்டு வெடியுப்பை மலைபோல் ஏற்றிவரப் பிறந்தது. அதைக் கிளிப்பர் என்று அழைப்பது சரக்கு லாரியைப் பந்தயக் கார் என்பதற்கு ஒப்பாகும். அதேபோல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய அகன்ற வயிற்றுக் கப்பல்களும் கிளிப்பர்கள் அல்ல. சீன வணிகத்தில் கம்பெனிக்குத் தனியுரிமை இருந்தவரை போட்டியே இல்லாததால், இரவானால் பாய்களைச் சுருக்கிக்கொண்டு நிதானமாகச் செல்ல அவற்றால் முடிந்தது.

அந்தத் தனியுரிமை 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1848-இல் கலிபோர்னியாவிலும் 1851-இல் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியது. பிரித்தானியத் துறைமுகங்களுக்குச் சீனச் சரக்கைக் கொண்டுவர அந்நியக் கப்பல்களுக்கு இருந்த தடை 1849-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கிளிப்பரான ‘ஓரியண்டல்’ ஹாங்காங்கிலிருந்து 97 நாளில் தேயிலையுடன் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. இந்த வணிகக் காரணங்களைச் சொல்லாமல், யாரோ ஒரு மேதை திடீரென்று வேகக் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதுவது பிழை. ‘உலகின் முதல் கிளிப்பர்’ என்ற பட்டத்தையும் எவருக்கும் எளிதில் சூட்டிவிடக் கூடாது. 1833-இல் பால்டிமோரில் கட்டப்பட்ட ‘ஆன் மெக்கிம்’ என்று ஒரு சாராரும், 1845-இல் நியூயார்க்கில் ஜான் கிரிஃபித்ஸ் வடிவமைத்த ‘ரெயின்போ’ என்று மற்றொரு சாராரும் சொல்வது, கிளிப்பர் என்ற சொல்லுக்கு அவரவர் கொள்ளும் பொருளைப் பொறுத்தது.

மிக அதிகமான தவறுகள் நேர்வது வேகக் கணக்கில்தான். 1854-இல் ‘சாவரின் ஆஃப் த சீஸ்’ மணிக்கு 22 கடல் மைல் வேகத்தில் ஓடியது என்ற குறிப்பு நூல்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த எண்ணைக் கையாள்வதற்கு முன், அக்காலத்தில் வேகத்தை எப்படி அளந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் நீரில் எறிவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு வீதம் இடப்பட்டிருக்கும். 28 விநாடியில் வடியும் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து, மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்று எண்ணினால், அந்த எண்ணிக்கையே மணிக்கு அத்தனை கடல் மைல் என்றாகும். கப்பல் மிக விரைவாகச் செல்லும்போது 14 விநாடிக் கடிகாரத்தைப் பயன்படுத்தி, வந்த எண்ணை இரட்டிப்பார்கள். புயற்காற்றில் தளம் சரிந்து, குளிரில் விரல் மரத்துப்போய் நிற்கும் மாலுமி ஒரே ஒரு விநாடி தாமதித்தாலும் 20 கடல் மைல் வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை கடல் மைல் கூடிவிடும். எனவே இத்தகைய உச்ச வேகக் குறிப்பை அளந்தவரின் மதிப்பீடாகச் சொல்லலாமே தவிர, ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகச் சொல்லக் கூடாது.

ஒரு நாள் ஓட்டக் கணக்கிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. 1854 டிசம்பரில் மெல்போர்ன் நோக்கிச் சென்ற ‘சாம்பியன் ஆஃப் த சீஸ்’ தென்பெருங்கடலில் ஒரே நாளில் 465 கடல் மைல் ஓடியதாக அதன் குறிப்பேடு சொல்கிறது. கடலில் ஒரு நாள் என்பது ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை. கிழக்கு நோக்கி விரைந்து செல்லும் கப்பல் சூரியனை எதிர்கொண்டு போவதால், அதற்கு அடுத்த நண்பகல் முன்கூட்டியே வந்துவிடும். அந்த நாள் உண்மையில் சுமார் 23¼ மணி நேரம்தான். 465-ஐ 24-ஆல் வகுத்துச் சராசரி காண்பவர் கப்பலுக்கு அநீதி இழைக்கிறார். மேற்கு நோக்கி ஓடிய கப்பலையும் கிழக்கு நோக்கி ஓடியதையும் ‘ஒரு நாள்’ என்ற ஒரே கோலால் அளப்பவர் இரண்டுக்குமே அநீதி இழைக்கிறார்.

இன்னொரு பக்கம், புதுத் தேயிலையை முதலில் லண்டனில் சேர்க்கப் போட்டியிட்ட தேயிலைப் பந்தயங்களில் கப்பல்கள் நாள்தோறும் பறந்ததாக எண்ணுவதும் தவறு. 1866-இல் சீனத்தின் ஃபுஜோ துறைமுகத்திலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 14,000 கடல் மைலை 99 நாளில் கடந்தன முன்னணிக் கப்பல்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 6 கடல் மைல்தான் வரும். சீனக் கடலின் எதிர்க்காற்றும் நிலநடுக்கோட்டருகே காற்றே இல்லாத நாட்களும் அந்தச் சராசரிக்குள் அடங்கியிருக்கின்றன. பெருங்காற்றில் 15 கடல் மைல் ஓடுவதைவிட, மெல்லிய காற்றில் நின்றுவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் தேயிலைக் கிளிப்பரின் உண்மையான திறமை என்பது என் கருத்து.

அந்தப் பந்தயத்தின் முடிவையும் கவனமாகச் சொல்ல வேண்டும். ‘டேப்பிங் வென்றது’ என்று ஒரு வரியில் முடிப்பது போதாது. செப்டம்பர் 6 காலையில் இங்கிலாந்துக் கரையோரம் அடையாளக் கொடி காட்டியதில் ‘ஏரியல்’ சில நிமிடங்கள் முந்தியிருந்தது. பின்னர் இழுவைப் படகின் துணையோடு தேம்ஸ் ஆற்றில் ஏறியபோது டேப்பிங் முந்திக்கொண்டது. ஏரியல் தனக்குரிய கப்பல்துறையின் வாயிலில் ஏற்றநீருக்காகக் காத்துக் கிடக்க, குறைந்த ஆழத்திலேயே மிதக்கக்கூடிய டேப்பிங் வேறொரு துறைக்குள் 28 நிமிடம் முன்னதாக நுழைந்தது. உரிமையாளர்கள் டன்னுக்கு 10 ஷில்லிங் பரிசுத் தொகையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வேகத்தின் பெருமை முழுவதையும் கப்பல் கட்டியவருக்கே அளிப்பது மற்றொரு குறை. டொனால்டு மெக்கே கட்டிய ‘ஃபிளையிங் கிளவுட்’ 1851-இல் நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்க முனையைச் சுற்றி 89 நாள் 21 மணியில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. அதன் வழியைக் கணித்தவர் கேப்டனின் மனைவி எலினார் கிரீசி. மாலுமிகளின் பழைய குறிப்பேடுகளைத் தொகுத்து மாத்யூ மோரி 1847 முதல் வெளியிட்ட காற்று, நீரோட்ட வரைபடங்கள் அவருக்குக் கைகொடுத்தன. 1854-இல் அதே கப்பல் 89 நாள் 8 மணியில் சென்றது. 1860-இல் சான் பிரான்சிஸ்கோவை அடைந்த ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’ 89 நாள் 4 மணியில் வந்து அதை முறியடித்ததாகப் படித்தால், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று கேட்க வேண்டும். ஆண்ட்ரூ ஜாக்சனின் கணக்கு, கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நடத்திவந்த வழிகாட்டியை இறக்கியதிலிருந்து, சேருமிடத்தில் வழிகாட்டி ஏறும் இடம்வரை உள்ளது. நங்கூரம் எடுத்ததிலிருந்து நங்கூரம் போட்டதுவரை பார்த்தால் ஃபிளையிங் கிளவுடே முன்னணி.

இனி ‘கட்டி சார்க்’. இன்று லண்டனின் கிரீனிச்சில் உயர்த்தி நிறுத்தப்பட்டிருக்கும் அந்தக் கப்பலின் அடியில் நடந்து செல்பவர், தலைக்கு மேலே பொன்னிறத் தகடுகள் வரிசையாக அறையப்பட்டிருப்பதைக் காணலாம். செம்பும் துத்தநாகமும் கலந்த அத்தகடு, கொட்டலசு என்னும் ஓட்டுயிரிகளும் பாசியும் ஒட்டி வேகத்தைக் குறைக்காமல் காத்தது. இரும்பு உடலில் அதை நேரடியாக அறைந்தால் இரும்பு அரித்துப்போகும். அதனால்தான் இரும்புச் சட்டகத்தின் மேல் மரப்பலகை பொருத்திக் கட்டினார்கள். ஆக, அதை ‘மரக் கப்பல்’ என்றோ ‘இரும்புக் கப்பல்’ என்றோ எழுதுவது பிழை. ‘தேயிலைப் பந்தயங்களில் வென்ற கப்பல்’ என்பது அதைவிடப் பெரிய பிழை. அது தேயிலை ஏற்றிய பயணங்கள் எட்டு மட்டுமே. 1872-இல் ‘தெர்மாப்பிலி’யுடன் ஒரே நாளில் ஷாங்காயை விட்டுக் கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் நெடுந்தொலைவு முந்தியிருந்த நிலையில், ஆகஸ்ட் 15 அன்று புயலில் சுக்கானை இழந்தது. தளத்தின் மேல் உலை மூட்டி, உபரி மரங்களைக் கொண்டு தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் புதுச் சுக்கான் செய்து மாட்டினார். ஆடிய தளத்தில் உலை கவிழ்ந்து, துருத்தி ஊதிக்கொண்டிருந்த கேப்டனின் மகன் மீது நெருப்பு கொட்டியது. அத்தனைக்குப் பிறகும் போட்டிக் கப்பலுக்கு ஒரு வாரம் பின்னால் லண்டன் வந்துவிட்டது. இதைத் தோல்வி என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் கப்பலின் உண்மையான புகழ் பின்னால் வந்தது: ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றி, கேப்டன் உட்ஜெட்டின் கீழ் 1885-இல் சிட்னியிலிருந்து புறப்பட்டு 73 நாளில் இங்கிலாந்தை அடைந்த காலம் அது.

கட்டி சார்க் நீரில் இறங்கியது 1869 நவம்பர் 22. சூயஸ் கால்வாய் திறந்தது அதற்கு ஐந்து நாள் முன்னர். இந்தத் தேதிகளை அருகருகே வைத்து, கால்வாய் ஒரே நாளில் கிளிப்பர்களைக் கொன்றது என்று எழுதிவிடுகிறார்கள். செங்கடலின் வடபகுதியில் பெரும்பாலும் எதிர்க்காற்றே வீசுவதால் கால்வாய் பாய்க்கப்பல்களுக்குப் பயன்படவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கும் எஞ்சினுடன் ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் நீராவிக் கப்பல் ‘அகமெம்னான்’ 1866-இல் லிவர்பூலிலிருந்து மொரீஷியஸ்வரை 8,500 மைல் நிலக்கரி ஏற்ற நிற்காமல் ஓடிக் காட்டியிருந்தது. கால்வாய்க்குப் பின்னும் கம்பளி, தானியம், நிலக்கரி ஏற்றிப் பாய்க்கப்பல்கள் பல பத்தாண்டுகள் பிழைத்தன.

கடைசியாக, நான் மிகவும் வருந்தும் தவறு: கிளிப்பர் என்றால் தேயிலை மணம் மட்டுமே என்று எழுதுவது. 1829-இல் கல்கத்தா அருகே ஹவுராவில் கட்டப்பட்ட ‘ரெட் ரோவர்’, வடகிழக்குப் பருவக்காற்றை எதிர்த்துச் சீனம் செல்ல வல்லது. அது ஏற்றிச் சென்றது அபின். அந்த விரைவு, தடைசெய்யப்பட்ட போதைப்பொருளை ஓர் ஆண்டில் மேலும் ஒருமுறை கொண்டு சேர்ப்பதற்காகவே வேண்டப்பட்டது. பின்னாளில் கிளிப்பர்கள் ஒப்பந்தக் கூலிகளையும் ஏற்றின. மக்காவிலிருந்து ஹவானாவுக்குச் சென்ற அமெரிக்கக் கிளிப்பர் ‘ஃபுளோரா டெம்பிள்’ 1859 அக்டோபரில் தென்சீனக் கடலில் பாறையில் மோதியது. மாலுமிகள் பலர் படகுகளில் தப்பினர். சரக்கறையில் இருந்த சுமார் 850 சீனர்களுக்குப் படகு இல்லை.