யாழ் மாநகர சபைக்குப் போட்டியிட ஆசையா? முதலில் உங்கள் பதிவு எங்கே என்று பாருங்கள்

குருநகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கலியாணம் கட்டிக் கொக்குவிலுக்குப் போனவள், 2024 நடுப்பகுதியில் குடும்பத்தோடு தாய்வீட்டுக்கே திரும்பிவந்தாள். 2025 மார்ச்சில் வேட்புமனுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, “அக்கா, என்னைத் தேர்தலில் நிற்கக் கேட்கினம்” என்று ஓடிவந்தாள். வாக்காளர் இடாப்பைப் பார்த்தோம். பெயர் கொக்குவிலில் கிடந்தது. அது நல்லூர் பிரதேச சபை; அந்தப் பதிவோடு யாழ் மாநகர சபைக்கு நிற்க முடியாது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது.

முதல் வேலை: எல்லையை அறிதல்

முகவரியில் ‘யாழ்ப்பாணம்’ என்று இருந்தால் மாநகர சபை என்று நினைக்காதீர்கள். நல்லூர்க் கந்தன் கோயில் மாநகர எல்லைக்குள் இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியோ நல்லூர் பிரதேச சபைக்குரியது. பெயரே ஆளைக் குழப்பும். நல்லூர் பிரதேச செயலகப் பிரிவும் இரண்டு சபைகளுக்குள்ளும் வருகிறது. அதனால் ‘ஜே’ என்று தொடங்கும் உங்கள் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தைச் சொல்லி, எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று விதானையாரிடமே (கிராம அலுவலர்) கேளுங்கள். யாழ் மாநகர சபையில் 27 வட்டாரங்கள், 45 உறுப்பினர்கள்.

இரண்டாவது: இடாப்பில் பெயர்

தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கிறது என்றவுடன் மூடிவிட வேண்டாம். எந்த வீட்டு இலக்கம், எந்தப் பிரிவு, பெயரின் எழுத்து அடையாள அட்டையோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது: பெப்ரவரி 1

பலர் வழுக்குவது இங்கேதான். அந்த ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் வழமையாக எங்கே குடியிருந்தீர்களோ, அங்கேதான் உங்களைப் பதிவார்கள். 2025 மே 6 தேர்தல் நடந்தது 2024 இடாப்பை வைத்து. அந்தப் பிள்ளை 2024 பெப்ரவரியில் கொக்குவிலில்தான் இருந்தாள். ஆகவே தேர்தல் அறிவித்த பிறகு வீடு மாறி ஒரு பலனும் இல்லை. வண்ணார்பண்ணையில் காணி உண்டு, ஆனால் சீவியம் கொழும்பில் என்றால் அதுவும் உதவாது. கணக்கில் வருவது குடியிருப்பு, காணி உறுதி அல்ல.

நான்காவது: குடியிருப்புக்கு அத்தாட்சி

இடாப்பில் பெயரை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு வேறு சபை எல்லையில் வாழ்ந்தால், வென்ற பிறகும் பிரச்சினை வரும். 2018 தேர்தலின் பின் யாழ் மாநகர சபை உறுப்பினர் ஒருவரின் வதிவிடம் நீதிமன்றம் வரை போனது. உங்களுக்கு வாக்குப் போட்ட சனம் ஏமாறக் கூடாது. விதானையார் தரும் வதிவிடச் சான்றிதழ், மின்சாரப் பட்டியல், வாடகை வீடென்றால் ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக

இலங்கைக் குடியுரிமையும் 18 வயதும் வேண்டும். தனி ஆளாக நிற்க முடியாது. கட்சிப் பட்டியலிலோ சுயேச்சைக் குழுவிலோ பெயர் இருக்க வேண்டும். அரச உத்தியோகத்தர் என்றால் உங்கள் பதவி தடையா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள். 2025இல் அந்த ஒரு தாளால் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு நீதிமன்றம் போக வேண்டிவந்தது.

பதிவை மாற்ற வேண்டியவர்களுக்கு

இடாப்புத் திருத்தக் காலத்தில் விதானையாரிடம் நீங்களே போய் விபரம் கொடுங்கள். வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்க வேண்டாம். பழைய வீட்டில் பெயரை வெட்டச் சொல்லவும் மறக்காதீர்கள். பிறகு நீக்கும் பெயர்கள் ‘ஏ’ பட்டியலிலும் சேர்க்கும் பெயர்கள் ‘பி’ பட்டியலிலும் பார்வைக்கு வரும். குருநகர்ப் பிள்ளை அடுத்த திருத்தத்தில் இரண்டையும் தானே போய்ப் பார்த்தாள். கொக்குவில் ‘ஏ’யில் அவள் பெயர் இருந்தது, குருநகர் ‘பி’யிலும் இருந்தது. இரண்டு தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள்.