குடும்பத்தோடு வெளிநாட்டு தீம் பார்க்: திட்டமும் பட்ஜெட்டும், முதல் முறை போகிறவர்களுக்கு

எங்கள் முதல் பயணத்தில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு பெரிய ரைடின் வாசலில் உயரம் பார்க்கும் கம்பம். சின்னவன் ஓடிப்போய் அதில் முதுகை ஒட்டி நின்றான், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. ஊழியர் குனிந்து அவன் தலைக்கு மேலிருந்த கோட்டைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தார். வேண்டியது 102 செ.மீ., அவன் 98. அந்த ரைடுக்காகவே அந்த பார்க்கில் இரண்டாம் நாள் டிக்கெட்டும் எடுத்திருந்தோம், நான்கு பேருக்கும். அந்தப் பணத்தைவிட அவன் முகம்தான் இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால் விமானக் கட்டணம் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

படி 1: பிள்ளைகளின் உயரத்தையும் பிறந்த நாளையும் எழுதுங்கள்

செருப்பு, ஷூ இல்லாமல் சுவரோடு நிற்கவைத்து அளந்து, செ.மீ.யிலும் அங்குலத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஃபுளோரிடா டிஸ்னியில் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. வேண்டும். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125. ஒவ்வொரு பார்க்கின் இணையதளத்திலும் ரைடு வாரியாக இந்த அளவு இருக்கும். பிள்ளை ஏறக்கூடிய ரைடுகளை மட்டும் டிக் செய்துகொண்டே வாருங்கள். பாதிக்கும் குறைவாகத்தான் டிக் விழுகிறது என்றால் அந்த பார்க்கை ஓரிரு வருடம் தள்ளிவைப்பதே நல்லது. லெகோலேண்ட் பார்க்குகள் 2 முதல் 12 வயது வரையுள்ளவர்களை மனதில் வைத்தே கட்டப்பட்டவை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

பிறந்த நாள் எதற்கு? டிக்கெட் விலை வயதைப் பொறுத்தது, அந்த வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். ஃபுளோரிடா டிஸ்னியில் 3 வயதுக்குக் கீழ் இலவசம், 3 முதல் 9 வரை சிறுவர் டிக்கெட், 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் விலை. பாரிஸிலும் ஹாங்காங்கிலும் சிறுவர் டிக்கெட் 11 வயது வரை செல்லும். டோக்கியோவில் 3 வயது வரை இலவசம், 4 முதல் 11 வரை சிறுவர், 12 முதல் 17 வரை தனியாக ஒரு விலை. ஆக, பத்து வயதுப் பிள்ளைக்கு ஃபுளோரிடாவில் முழு டிக்கெட், பாரிஸில் சிறுவர் டிக்கெட். விமானத்திலும் 2 வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்காரலாம். பயணத்துக்கு நடுவே 2 வயது நிரம்பினால் திரும்பி வரும்போது தனி இருக்கை எடுக்க வேண்டியிருக்கும். அதனால் தேதியை ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்தினாலே கணிசமாக மிச்சப்படலாம்.

படி 2: எத்தனை நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த பார்க் என்ற கேள்வியும் எத்தனை நாள் என்ற கேள்வியும் உண்மையில் ஒன்றுதான். ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மட்டும் நான்கு தீம் பார்க்குகள். அதே ஆர்லாண்டோ பகுதியில் யுனிவர்சலுக்கு, 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸோடு சேர்த்து, மூன்று. அங்கே போனால் ஒரு வாரம்கூடப் பற்றாது. டோக்கியோவிலும் பாரிஸிலும் டிஸ்னிக்கு இரண்டிரண்டு பார்க். இரண்டு மூன்று நாளில் நிம்மதியாகப் பார்க்கலாம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஒரே பார்க், ஒரு நாள் போதும். அபுதாபியின் யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்டும் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டும் பெரும்பாலும் கூரைக்குள்ளேயே இருப்பவை, வெயிலுக்குப் பயப்பட வேண்டாம்.

ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால், நான்கு பார்க்கை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே பார்க்கில் இரண்டு நாள் ஆற அமர இருப்பது எவ்வளவோ மேல். பெரியவர்களுக்கே ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடை சாதாரணமாக வந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாள் பார்க் என்றால் மூன்றாம் நாளை ஓய்வுக்கு விடுங்கள். நீச்சல் குளம், தூக்கம், அக்கம்பக்கத்தில் ஒரு நடை போதும். அன்று டிக்கெட் செலவே கிடையாது. தாத்தா பாட்டி கூட வருகிறார்கள் என்றால் இந்த ஓய்வு நாளில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

படி 3: தேதி

பெரும்பாலான பெரிய பார்க்குகளில் இப்போது டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. டிக்கெட் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள்: விலை குறைவாக உள்ள நாட்கள், கூட்டம் குறைவாக இருக்கும் என்று பார்க்கே எதிர்பார்க்கும் நாட்கள். கூட்டத்தைக் கணிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நம் பிள்ளைகளின் விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, போகிற நாட்டின் விடுமுறையையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் எனும் தொடர் விடுமுறை. சீனாவில் அக்டோபர் 1 முதல் தேசிய விடுமுறை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே எங்கு போனாலும் நெரிசல். ஃபுளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அந்த மாதங்களில் போவதானால் ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற மாதிரியே எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். டென்மார்க்கின் லெகோலேண்ட் போல, குளிர்காலத்தில் மூடிவிடுகிற பார்க்குகளும் உண்டு. பராமரிப்புக்காக எந்த ரைடு எப்போது மூடியிருக்கும் என்ற பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 4: பட்ஜெட் ஷீட்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே எதனால் பெருக்கி அளப்பது என்பதுதான் விஷயம். விமானம், ஹோட்டல், சாப்பாடு என்று தலைப்பு போடுவதற்குப் பதிலாக, செலவு எதனால் பெருகுகிறது என்று பார்த்து நான்கு கட்டமாகப் பிரியுங்கள்.

முதல் கட்டம், தலைக்கு ஒரு முறை: விமானம், விசா, காப்பீடு. இரண்டாவது, இரவுக்கு: அறை வாடகை, அதன் மேல் வரி. மூன்றாவது, தலைக்கு ஒரு நாளுக்கு: சாப்பாடு, உள்ளூர்ப் பயணம். நான்காவது, தலைக்கு ஒரு பார்க் நாளுக்கு: நுழைவு டிக்கெட், வரிசையைத் தாண்டும் பாஸ்.

நான்கு பேர், 5 இரவு, 6 நாள், அதில் 3 நாள் பார்க் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் விலையையும் பெருக்க வேண்டிய எண் இது: விமானம் 4, அறை 5, சாப்பாடு 24, பார்க் டிக்கெட் 12. அந்த 24-ஐப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைக் கொஞ்சம் குறைவாகக் கணக்கிட்டுவிட்டால் அந்தத் தவறு எத்தனை முறை பெருகும் என்று புரியும். இன்னும் ஒரு பார்க் நாள் சேர்த்தால் டிக்கெட் 4, சாப்பாடு 4, அறை 1 கூடும். பல நாள் டிக்கெட்டில் நாள் கூடக் கூட ஒரு நாள் விலை குறைவது உண்மைதான். ஆனால் அறையும் சாப்பாடும் அப்படிக் குறையாது. நான்காம் நாள் டிக்கெட் மலிவாகத் தெரிவதால் மட்டும் ஒரு நாளைக் கூட்டிவிடாதீர்கள்.

விசா தேவைப்படுகிறவர்கள் அதையும் தலைக்குத் தலை கணக்குப் போட வேண்டும். பாரிஸுக்கான ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குக் கீழ் கிடையாது. அப்பா, அம்மா, 14 வயதுப் பெண், 8 வயதுப் பையன் என்றால் 315 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தக் கட்டணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

திரையில் தெரியும் விலை எப்போதும் முழு விலை அல்ல. அமெரிக்காவில் வரி பெரும்பாலும் கவுண்டரில்தான் சேரும். ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுண்டியில் விற்பனை வரி 6.5 சதவீதம், ஹோட்டல் அறைக்கு மொத்தம் 12.5 சதவீதம். சில ஹோட்டல்கள் ரிசார்ட் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் என்று இரவுக்கு இரவு வாங்கும். கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஷீட்டில் எழுத வேண்டும்.

பணமாற்றுக்கு இரண்டு பத்திகள் வையுங்கள்: ஒன்றில் அந்த நாட்டுப் பணம், இன்னொன்றில் நம் பணம். மாற்று விகிதத்தை இன்றைய நிலவரத்தைவிட 5 சதவீதம் மோசமாகவே போடுங்கள். அட்டையில் செலவழித்தால் வங்கி வாங்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது மெஷின் திரையில் இரண்டு தொகை காட்டி எது வேண்டும் என்று கேட்கும்: உள்ளூர்ப் பணமா, உங்கள் நாட்டுப் பணமா. நமக்குப் பழகிய பணத்தைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். மற்றதில் மெஷின்காரர் வைக்கும் விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

கூட்டிய தொகைக்கு மேல் 10 சதவீதம் அவசரத்துக்கு. மொத்தம் கையைக் கடிக்கிறது என்றால் முதலில் குறைக்க வேண்டியது நாட்களின் எண்ணிக்கையை. சாப்பாட்டிலோ ஹோட்டலின் தூரத்திலோ கத்தரி போட்டால் பயணம் முழுக்க எல்லோரும் சோர்ந்து போவார்கள்.

படி 5: எங்கே தங்குவது

ரயில் வாசலுக்கே போகும் ஊர்களில் பார்க் ஹோட்டல் அவசியம் என்று நான் நினைக்கவில்லை. பாரிஸ் நகரிலிருந்து ஆர்இஆர் ஏ ரயில் டிஸ்னி வாசல் வரை போகிறது, ஏறக்குறைய 40 நிமிடம். டோக்கியோவில் மைஹாமா நிலையம், ஒசாகாவில் யுனிவர்சல் சிட்டி நிலையம், ஹாங்காங்கில் சன்னி பே நிலையத்தில் மாறினால் டிஸ்னிக்கென்றே ஒரு தனி ரயில். நகரத்துக்குள் நிலையத்தை ஒட்டித் தங்கினாலே போதும்.

ஆர்லாண்டோ அப்படியல்ல, தூரம் அதிகம். அங்கே டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பார்க்கில் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். யுனிவர்சலின் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூன்றிலும் தங்குகிறவர்களுக்கு அதன் பழைய இரண்டு பார்க்குகளிலும் எக்ஸ்பிரஸ், அதாவது வரிசையைத் தாண்டும் வசதி, சேர்ந்தே வருகிறது. அறை வாடகை அதிகம்தான். ஆனால் எக்ஸ்பிரஸ் பாஸ் விலையை நான்கால் பெருக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

படி 6: வரிசையைத் தாண்டும் பாஸ்

அமெரிக்க டிஸ்னியில் லைட்னிங் லேன், டோக்கியோவில் பிரீமியர் ஆக்சஸ், யுனிவர்சலில் எக்ஸ்பிரஸ். எல்லாமே கூடுதல் பணம். படி 1-இல் டிக் விழுந்த ரைடுகளில் எத்தனை இந்தப் பாஸில் வருகின்றன என்று எண்ணுங்கள். பிள்ளை 102 செ.மீ. எட்டவில்லை என்றால் பெரும்பாலும் வேண்டாம்.

பணம் கொடுக்காமலே கிடைப்பதும் உண்டு. உயரம் பற்றாத பிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். டிஸ்னியில் இதை ரைடர் ஸ்விட்ச் என்றும், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்றும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், காலை முதல் ஒரு மணி நேரம். கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நின்றால், மதியம் நீண்ட வரிசை நிற்கும் ரைடுகளில் இரண்டு மூன்றையாவது அதற்குள் முடித்துவிடலாம்.

படி 7: உள்ளே ஆகும் சில்லறைச் செலவு

சாப்பாடு கொண்டுபோகலாமா என்பது பார்க்குக்குப் பார்க் வேறு. ஃபுளோரிடா டிஸ்னியில் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. உணவுக் கவுண்டர்களில் கேட்டால் குடிக்கத் தண்ணீர் இலவசம். டோக்கியோவில் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை வாசலுக்கு வெளியே இருக்கும் பிக்னிக் இடத்தில்தான் சாப்பிட வேண்டும். மழைக்கோட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

பொம்மைக் கடைக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் நாள் காலையிலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு உறையில் அந்த நாட்டுப் பணத்தைக் கொடுத்து, பயணம் முழுக்க இதுதான் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பெரியவள் மூன்று கடை ஏறி இறங்கினாள். ஒரு பொம்மையின் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உறையை எண்ணினாள், வைத்துவிட்டு வந்தாள். கடைசி நாள் ஒரு சாவிக்கொத்தும் தம்பிக்கு ஒரு தொப்பியும் வாங்கினாள். அந்தத் தொப்பியை அவன் ராத்திரி தூங்கும்போதும் கழற்றவில்லை.

படி 8: எதை முதலில் பதிவு செய்வது

எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பயணம் முடிந்தபின் இன்னும் ஆறு மாதம் செல்லுமா என்று பாருங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும். அடுத்து, ரத்து செய்யக்கூடிய ஹோட்டல். பிறகு விசா. ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கையில் வந்தபின்தான் பணம் திரும்பாத விமான டிக்கெட், பார்க் டிக்கெட் எல்லாம். டோக்கியோ டிஸ்னி டிக்கெட் ஏறக்குறைய இரண்டு மாதம் முன்புதான் விற்பனைக்கு வரும், முன்கூட்டியே தேடிக் குழம்ப வேண்டாம். பார்க் டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்திலோ, அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டுமே வாங்குங்கள்.

போய் இறங்கும் நாளை பார்க் நாளாக வைக்காதீர்கள். கடைசியாக ஒன்று: அங்கே இருக்கும்போது தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய செலவை ஷீட்டில் திட்டத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாம் நாள் இரவிலேயே எந்தக் கட்டம் மீறுகிறது என்று தெரிந்துவிடும், சரிசெய்ய இன்னும் நாள் கையில் இருக்கும்போதே.