வேகமான ஹேட்ச்பேக் வாங்குகிறீர்களா? பழைய ரிம்மை விற்காதீர்கள்

போன மாதம் கோவையில் ஒரு டயர் கடையில் காற்று பிடிக்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு டர்போ ஹேட்ச்பேக் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து இழுவையைக் கூட்டும் டர்போ வைத்த சிறிய கார்) ஜாக்கியின் மேல் நின்றது. செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லையாம். கம்பெனி போட்டுக்கொடுத்த நான்கு ரிம்களும் தரையில் அடுக்கியிருந்தன. கடைக்காரர் அவற்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். “தம்பி, அதை மட்டும் விற்றுவிடாதீர்கள்” என்றேன். “வீட்டில் வைக்க இடமில்லை, அண்ணா” என்றார் அந்த இளைஞர்.

2014-ல் இதே பதிலை, இதே தொனியில், நானும் ஒரு கடையில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலை 82,000 ரூபாய். கணக்கு கீழே வருகிறது.

சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள், அடிபட்ட வண்டியா என்று பாருங்கள், ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எந்த வண்டிக்கும் பொருந்தும். உங்கள் மாமாவே சொல்லிவிடுவார். இந்த வகை வண்டிக்கே உரிய தவறுகள் சில இருக்கின்றன. காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, காய்கறிப் பையை டிக்கியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் சிரித்துக்கொண்டே ஓட்டத்தான் இதை வாங்குகிறோம். முதல் இரண்டு வேலைகளையும் அது செய்யாமல் போனால், மூன்றாவதற்காக மட்டும் இவ்வளவு பணம் கொடுத்தது வீண். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டைத்தான் கெடுக்கின்றன.

வெளிநாட்டு வண்டியோடு ஒப்பிடுவது

ஐரோப்பாவில் 245 குதிரைத்திறன் கொண்ட ஹேட்ச்பேக்கை வீடியோவில் பார்த்துவிட்டு, நம் ஊரில் 120 குதிரைத்திறன் வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். இங்கே வண்டியின் அளவைத் தீர்மானித்தது பொறியாளரைவிட வரி அதிகாரிதான். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் எஞ்சின், இந்த இரண்டுக்குள் அடங்கினால் சிறிய கார், வரி குறைவு. அதனால்தான் நம் வேகமான ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலும் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போவோடு வருகின்றன. 2015-ல் வந்த ஃபியட்டின் அபார்த் புன்டோ நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும், 1.4 லிட்டர் எஞ்சினால் அந்தச் சலுகையை இழந்தது. அப்படியும் 145 குதிரைத்திறனைப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஷோரூம் விலையில் கொடுத்தார்கள். அதை அன்று வாங்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

1976-ல் விற்பனைக்கு வந்த, ஃபோக்ஸ்வேகனின் வேகமான ஹேட்ச்பேக்கான முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் திறன் 110 குதிரைத்திறன்தான். எடை ஏறக்குறைய 810 கிலோ. ஒரு தலைமுறையையே மயக்கிய வண்டி அது. 2018-ல் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. 114 குதிரைத்திறன், அறிமுக விலை 6.39 லட்சம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறன். எடை கூடிவிட்டது, உண்மைதான். ஆனாலும் நம் சாலையில் இந்தத் திறன் போதவில்லை என்று சொல்கிறவரோடு நான் ஒரே காரில் போக மாட்டேன்.

அசல் ஜி.டி.ஐ.தான் வேண்டும் என்றால் அதுவும் இங்கே வந்திருக்கிறது. 2016-ல் மூன்று கதவு (பக்கத்துக்கு ஒன்று, பின்னால் டிக்கிக் கதவு) போலோ ஜி.டி.ஐ., மொத்தம் 99 வண்டிகள், ஏறக்குறைய 26 லட்சம். 2025-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ., ஏறக்குறைய 53 லட்சம். அந்த விலைக்கு வாங்கிய வண்டியைக் காய்கறிச் சந்தைக்கு வெளியே நிறுத்த மனம் வருமா?

மூன்று கதவு

பாட்டி பின்னால் ஏற வேண்டியிருக்கும். வேண்டாம்.

ரிம்மைப் பெரிதாக்குவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் டர்போ ஹேட்ச்பேக்குக்குக் கம்பெனி கொடுத்தது 185/60 ஆர்15 டயர் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 விழுக்காடு, ரிம் 15 அங்குலம்). நான் போட்டது 215/40 ஆர்17. வெளிவிட்டம் சரியாகப் பொருந்துகிறது என்று கடையில் சொன்னார்கள், பொய்யில்லை. பழையது 603 மில்லிமீட்டர், புதியது 604. அதனால் ஸ்பீடோமீட்டர் பிழை காட்டாது. கணக்கு அத்தனை அழகாகப் பொருந்தியதால் அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

யோசித்திருக்க வேண்டியது டயரின் பக்கச்சுவரை. 185-ல் 60 விழுக்காடு 111 மில்லிமீட்டர். 215-ல் 40 விழுக்காடு 86. சாலைக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரில் 25 மில்லிமீட்டரை, அதாவது ஏறக்குறைய கால்பங்கை, காசு கொடுத்து வெட்டி எறிந்திருக்கிறேன். பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குவது ஷாக் அப்சார்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் அந்த ரப்பர்தான் வாங்குகிறது.

அடுத்தது எடை. டயரோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பார்த்தேன் (வாங்கிய பிறகு, வழக்கம்போல்). ஒரு சக்கரத்துக்கு 4 கிலோ கூடியிருந்தது. நான்குக்கும் 16 கிலோ. அதே 16 கிலோ அரிசி மூட்டையை டிக்கியில் வைத்தால் வண்டிக்கு ஒன்றும் தெரியாது. சக்கரத்தில் வைத்தால் தெரியும். ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அந்த எடையைச் சுழற்ற வேண்டும், பிரேக் பிடிக்கும்போது நிறுத்த வேண்டும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங்கும் ஷாக்கும் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். வேகமான வண்டி வேண்டும் என்று வாங்கி, அதை மந்தமாக்க மேலும் பணம் கொடுத்திருக்கிறேன். சிக்னலில் இருந்து கிளம்பும்போது பிக்கப் குறைந்தது எனக்கே தெரிந்தது. ஆறு மாதம் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு வால்பாறைப் பயணம். ஆழியாற்றில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதைக்காகவே வண்டி வாங்கியவன் நான். பின் இருக்கையில் அம்மாவும் அக்காவும். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் அம்மா இரண்டு முறை, “சாலை இவ்வளவு மோசமா?” என்று கேட்டுவிட்டார். சாலை நன்றாகத்தான் இருந்தது. திரும்பி இறங்கும்போது மழை. தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளம், பள்ளம் என்று தெரியவே இல்லை. இடது முன்சக்கரத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ரிம் உள்பக்கமாக மடங்கி, டயர் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னியை மாட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டு பொள்ளாச்சி வந்தோம். மூன்று கடைகள். 185/60 ஆர்15 மூன்றிலும் இருந்தது. 215/40 ஆர்17 எதிலும் இல்லை. வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். “இதற்குப் பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்” என்று அம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி அந்தக் கணக்கு. ரிம்மும் டயரும் 78,000. கிழிந்த டயருக்கு மாற்று 9,000. ரிம்மை நிமிர்த்த 2,000. அடுத்த ஆண்டு வண்டியை விற்கப் போனால், பார்க்க வந்த மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி, “கம்பெனி ரிம் எங்கே?” மாற்றம் செய்த வண்டியை முறுக்கி ஓட்டியிருப்பார்கள் என்று வாங்குகிறவர் நினைக்கிறார், அவர் நினைப்பதில் தப்பும் இல்லை. பழைய ரிம் செட் ஒன்றைத் தேடிப்பிடித்து டயரோடு 32,000-க்கு வாங்கினேன். ஆக 1,21,000. வந்தது எவ்வளவு? என் அசல் ரிம்களை விற்றபோது 14,000. பதினேழு அங்குலத்தைக் கழித்துக்கட்டியபோது 25,000. மிச்சம் 82,000 நஷ்டம். 14,000-க்கு விற்றதையே 32,000 கொடுத்துத் திரும்ப வாங்கினேன் பாருங்கள், அதுதான் இன்றும் தொண்டையில் நிற்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? அதே ரிம்மில் நல்ல டயர். 185/60 ஆர்15-க்குப் பதிலாக 195/60 ஆர்15 போட்டால் பக்கச்சுவர் 117 மில்லிமீட்டராகக் கூடுகிறது, வெளிவிட்டம் 2 விழுக்காடுதான் ஏறுகிறது. பிடிப்பும் கூடும், பள்ளத்துக்கும் பயப்பட வேண்டாம். பார்வைக்கு ஒன்றும் மாறியிருக்காது. அதனால்தான் இதை யாரும் செய்வதில்லை. ரிம் மாற்றியே தீருவேன் என்றால் ஒரு அங்குலத்தோடு நிறுத்துங்கள். டயர் தாங்கும் எடைக்குறியீடு கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. பெயர் தெரியாத நகல் ரிம் வேண்டாம். மடங்கும் ரிம்மையாவது நிமிர்த்தலாம், விரிசல் விடும் ரிம்மை ஒன்றும் செய்ய முடியாது. கழற்றிய நான்கையும் சாக்கில் சுற்றிப் பரணில் போடுங்கள். இடமில்லை என்றால் கட்டிலுக்கு அடியில்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது

நம் ஊர் வேகத்தடைகளை எந்த விதிப்படியும் கட்டுவதில்லை. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக்கை மறந்துவிட்டு ரீமேப் செய்வது

எஞ்சினின் கணினியில் மென்பொருளை மாற்றினால் டர்போ எஞ்சின் நிறையக் கூடுதல் இழுவை தரும். மடிக்கணினியில் அரை மணி நேர வேலை. அந்தச் சுலபம்தான் ஆபத்து. கூடிய இழுவையைத் தாங்க வேண்டிய கிளட்ச் பழையது, நிறுத்த வேண்டிய பிரேக் பழையது, தரையைப் பிடிக்க வேண்டிய டயர் தேய்ந்தது. முன்சக்கர இழுவை வண்டியில் ஈரச்சாலையில் இரண்டாம் கியரில் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

நான் சொல்லும் வரிசை: டயர், பிரேக் திரவம், பிரேக் பேட், பிறகு ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் பயிற்சி. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டைத் தடம். ஒரு நாள் அங்கே ஓட்டிப் பாருங்கள். வண்டியின் எல்லைக்கு வெகுதூரம் முன்பே உங்கள் எல்லை வந்துவிடும். அதன் பிறகும் ரீமேப் வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள்ளுங்கள். எனக்குத் தோன்றவில்லை.

காகிதப் பக்கமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரீமேப் செய்ததை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாக ஆகும். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் அதையும் மறந்துவிடலாம்.

நின்றுபோன மாடலைக் காதலிப்பது

போலோ 2022-ல் நின்றது. மாருதியின் பலேனோ ஆர்.எஸ்., டியாகோ ஜே.டி.பி. இரண்டும் 2020-ல். அபார்த் புன்டோ அதற்கும் முன்பே. எல்லாம் நல்ல வண்டிகள், செகண்ட் ஹேண்டில் ஆசை காட்டும் விலை. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் ஆறு பாகங்களை எழுதுங்கள்: முன்பம்பர், ஹெட்லைட், டர்போ, கிளட்ச், பின் பிரேக், முன் ஷாக். உதிரிபாகக் கடைக்குப் போய் விலையையும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். சாதாரண மாடலோடு பொதுவான பாகம் என்றால் கவலையில்லை. அந்த மாடலுக்கு மட்டும் வந்த பாகம் என்றால், கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுகளை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் போனால் வேறு வண்டி பாருங்கள்.

இரட்டைக் கிளட்ச்சைக் காலால் கொல்வது

உலர் வகை இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் மிக வேகமாகக் கியர் மாற்றும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் அதற்குப் பகை. கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடாகும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழுந்த பிறகு நகருங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் போகிறவர் என்றால் மேனுவல் அல்லது டார்க் கன்வெர்ட்டர் (இழுவையைத் திரவத்தின் வழியே கடத்தும்) வகைத் தானியங்கி. விளம்பரத்தில் எந்த வார்த்தை பெரிதாக அச்சாகியிருந்தாலும் சரி.

உரத்த சைலன்சர்

பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மைலேஜைக் காகிதத்தில் பார்ப்பது

சிறிய டர்போ எஞ்சின் மென்மையாக ஓட்டினால் சிறிய எஞ்சின். மிதித்தால் பெரிய எஞ்சினின் பசி. என் இப்போதைய வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், ஊருக்குள் 11, மலைப்பாதையில் நான் ஓட்டும் விதத்துக்கு 8. மாதச் செலவை 11-ல் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை உறுத்தினால் டர்போ இல்லாத அதே மாடல் இரண்டு மூன்று லட்சம் குறைவாகக் கிடைக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியாகப் போய் ஓட்டிப் பார்ப்பது

தினமும் பின்னால் உட்காரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நெடுஞ்சாலை வேண்டாம், உங்கள் தெருவுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் இப்போதைய வண்டியை வாங்கும்போது அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, எங்கள் வீதியின் நான்கு வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினேன். இறங்கியதும் முதலில் குனிந்து சக்கரத்தைத்தான் பார்த்தார்.